4417 உள்ளே இருக்கிறார்

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. பெயர் நமக்கு வேண்டாம்; சொன்னால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அங்கே முன்பு பணியாளர் துறை என்று ஒன்று இருந்தது. லீவு மறுப்பு, மெமோ, எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் அங்கிருந்துதான் வரும். 2011-ல் அதற்கு மகிழ்ச்சித் துறை என்று பெயர் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் மெமோ அங்கிருந்துதான் வந்தது. மேல் மூலையில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று கூடுதலாக அச்சாகியிருந்தது.

துறைத் தலைவர் நயினார் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளி வீட்டில் கல்யாணம் என்றால் வாழ்த்து அட்டை அனுப்புவார். சாவு என்றாலும் அதே அட்டைதான் போகும், வேறு அட்டை ஸ்டாக்கில் இல்லை. அவருக்கு வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து பதினோரு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் எது படுகிறதோ, அதைப் பொறுத்தே அந்த வீட்டாரின் மகிழ்ச்சி அமையும். வீடு மகிழ்ந்தால் தொழிலாளி மகிழ்வான். தொழிலாளி மகிழ்ந்தால் கண்ணாடியில் கீறல் விழாது. சாரம் இவ்வளவுதான். மீதிப் பக்கங்களில் மெத்தை, திரைச்சீலை, பூச்சாடிப் படங்கள் இருந்தன.

உடனே ‘இல்லம் எழில்’ என்று வீட்டு அலங்கார, கைவினைப் போட்டி அறிவிக்கப்பட்டது. நடுவர் கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் “திற” என்றதும் திறந்து, மூன்று விநாடிக்குள் முதலில் பட்டதைச் சொல்ல வேண்டும். மார்க் அதற்கு மட்டும்தான்.

“ரெண்டாவதா படறதுக்கு மார்க் கிடையாது,” என்று நயினார் கேண்டீனில் மைக் பிடித்து விளக்கினார். “ரெண்டாவதுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. பார்வைன்னா முதல் பார்வைதான். நம்ம துறையே அப்படித்தான் இயங்குது. நாங்க எதையும் ரெண்டாவது தடவை பாக்கறதில்ல.”

பங்கேற்பு நூறு சதவீதம் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னதால், வேண்டாம் என்றவர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். 2012 பொங்கல் கழிந்த வாரம் நடுவர் குழு வேனில் புறப்பட்டது. நயினார், தாம்பரத்தில் வீட்டு அலங்கார வகுப்பு நடத்தும் மரகதம் அம்மையார், ஸ்டாப்வாட்சுடன் அலுவலகத்துச் சுப்பிரமணி.

படப்பையில் தெற்கத்திப் பையன்கள் ஒன்பது பேர் தங்கியிருந்த அறையில் முதலில் பட்டது கொடியில் காய்ந்த கைலி. ‘தொங்கும் துணிக் கலை’ என்று ஆறு மார்க் விழுந்தது. இன்னொரு வீட்டில் பாசிமணித் தோரணம், பிளாஸ்டிக் கூடை, ஐஸ்குச்சி விளக்கு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆனால் கண்ணைத் திறந்த நயினார் முன்னால் நின்றது அந்த வீட்டு மாமியார். கிழவி கைவினைப் பொருளில் சேர்வாளா என்று வாசலிலேயே விவாதம் நடந்தது. இயந்திரத்தில் செய்ததில்லை என்பது உறுதியானதால் நாலு மார்க் போட்டார்கள். மருமகள் அந்த மார்க்கை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பென்னலூரில் கடைசி வீடு தாண்டவராயனுடையது. அவர் கம்பெனியில் கான்ட்ராக்ட் தோட்டக்காரர். வாசல் புல்தரைக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் காட்டுவது வேலை. அந்தப் புல்தரை இருக்கும் இடத்தில் பத்து வருடத்துக்கு முன் அவர் வேர்க்கடலை போட்டிருந்தார். அதைப் பற்றி யாராவது கேட்டால், புல்லுக்குத் தண்ணி கொஞ்சம் கூட வேணும் என்று மட்டும் சொல்வார்.

அவருடைய ஒரே மகன் சுபாஷ் அதே கம்பெனியில் பி லைனில் வேலை பார்த்தவன். 2010 ஜூன் பதினாலாம் தேதி காலை ஷிப்டுக்குப் போனான். ஆள் பற்றாக்குறை என்று அடுத்த ஷிப்டும் நிற்கச் சொன்னார்கள், நின்றான். ராத்திரி பத்தரைக்கு, ஷேர் ஆட்டோ போய்விடப் போகிறதே என்று ஓடியவன் வெளியேறும் மெஷினில் கார்டைக் காட்ட மறந்தான். ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது.

கம்பெனி விதி ஒன்று இருக்கிறது. வெளியேறியதற்குப் பதிவு இல்லையென்றால், நுழைந்த ஷிப்ட் முடிந்த நேரமே வெளியேறிய நேரம். அதன்படி, ‘பிற்பகல் 2.30-க்குப் பணி முடித்து வெளியேறிய பிறகு, வளாகத்துக்கு வெளியே நிகழ்ந்த சம்பவம் குறித்து நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது’ என்று கடிதம் வந்தது, வாழ்த்து அட்டையோடு.

ஊருக்குக் கணக்குப் போட யாரும் சொல்லித்தர வேண்டாம். ரெண்டரைக்கு வெளியே வந்தவன் பத்தே முக்கால் வரைக்கும் எங்கே இருந்தான்? டாஸ்மாக்கில் இருந்திருப்பான். குடித்துவிட்டு ரோட்டில் தள்ளாடியிருப்பான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களே பந்தியில் இதைப் பேசினார்கள். பி லைனில் அவன் பக்கத்தில் நின்ற மாரிசெல்வி, திருநெல்வேலிப் பெண், புல்தரை ஓரமாக வந்து தாண்டவராயனிடம் சொல்லிவிட்டுப் போனாள்: “பத்தரை வரைக்கும் அண்ணன் எங்கூடதான் நின்னாவ. சொல்லணும்னா சொல்லுதேன். ஆனா எனக்கு அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது.” அவர் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. ஊரும் வாய்ச்சொல்லைக் கேட்காது. காகிதம் இருக்கிறதா என்று கேட்கும். ஒன்றரை வருடமாக அவர் நயினாரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு காகிதத்தைத்தான். பையன் ரெண்டரைக்குப் போகவில்லை என்று ஒரு வரி. எழுபது தடவையாவது கேட்டிருப்பார். விதி இருக்கிறதே என்று எழுபது தடவையும் பதில் வந்தது.

சுபாஷ் கல்யாணத்துக்கென்று மேல் மாடி எழுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அவன் போனதும் வேலை நின்றது. தூண்களில் கம்பிகள் நீட்டியபடி இருந்தன. அந்தக் கம்பியில் தாண்டவராயனின் மனைவி சுந்தராம்பாள் ஒரு திருஷ்டிப் பொம்மை கட்டினாள். தலைக்குக் கறுப்புப் பானை, கரும்புள்ளி செம்புள்ளி, தொங்கும் சிவப்பு நாக்கு, முறுக்கு மீசை. உடம்புக்கு வைக்கோல் திணித்து, மேலே மகனுடைய நீல யூனிபாரத்தையே மாட்டினாள். தாண்டவராயன், செத்தவன் சட்டையை யாராவது இப்படித் தொங்கவிடுவார்களா என்று கேட்டார்.

“இந்தச் சட்டைய போட்டுக்கினு அவன் மொத நாளு தெருவுல நடந்தப்ப, எத்தினி கண்ணு பாத்துச்சு தெரியுமா? கல்லடி பட்டாலும் படலாம்யா, கண்ணடி படக்கூடாது. இன்னும் எவன் கண்ணுல எரிச்சல் கீதோ, வந்து இதப் பாக்கட்டும்,” என்றாள். அதற்குப் பிறகு அவர் தினம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டே வாசலைத் தாண்டினார்.

நடுவர்கள் அந்த வாசலில் நின்றார்கள். சுப்பிரமணி “திற” என்றார். மூன்று விநாடி வேண்டியிருக்கவில்லை. மரகதம் அம்மையார் ஓரடி பின்வாங்கி, நெஞ்சில் கை வைத்து, “இதுதான்,” என்றார். நயினாரும் அதையே சொன்னார். போட்டி வரலாற்றில் இரு நடுவர்களும் ஒரே பொருளைச் சொன்னது அதுவே முதல் தடவை. வரலாறு அப்போது நாலு நாள் வயதுடையது.

சுந்தராம்பாள் பதறினாள். அது அழகுக்கு வைத்ததில்லை, ஊர்ப் பொறாமையெல்லாம் அதன் தலையில் இறங்கட்டும் என்று வைத்தது என்றாள். நயினாருக்கு அது தெரியாமல் இல்லை. அவர் வீட்டு மாடியிலும் ஒன்று தொங்குகிறது. ஆனால் மார்க் தாளில் ‘எது’ என்று ஒரு கட்டம் இருந்தது, ‘எதற்கு’ என்று கட்டம் இல்லை. நூற்றுக்கு நூறு போட்டார். நீல நிறம் பார்வைக்குக் குளிர்ச்சி என்று மரகதம் அம்மையார் குறிப்பு எழுதினார். நீலம் தங்கள் கம்பெனி யூனிபாரம் என்பதும், பாக்கெட்டுக்கு மேலே 4417 என்று நூலால் தைத்திருப்பதும் யார் கண்ணிலும் படவில்லை. அவையெல்லாம் இரண்டாவது விஷயங்கள்.

முதல் பரிசு பெறும் பொருள் கம்பெனிக்குச் சொந்தம் என்று விதியில் ஒன்பதாவது வரி இருந்தது. மறுநாளே பொம்மையை வேனில் முன் சீட்டில் உட்கார்த்தி, சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோனார்கள். சுந்தராம்பாள் வேனுக்குப் பின்னாலேயே தெருமுனை வரை நடந்தாள். பாக்கெட்டைப் பிரிக்காமல் திருப்பித் தரச் சொல்லு என்று மட்டும் புருஷனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வரவேற்பறையில், தொழிலாளர்கள் கார்டு காட்டி உள்ளே நுழையும் மெஷினை ஒட்டிய தூணில் பொம்மையை நிறுத்தினார்கள். ‘வரவேற்கும் உழவர்’ என்று பித்தளைப் பலகை வைத்தார்கள். அன்று முதல் இரண்டாயிரத்து முந்நூறு பேரும் ஷிப்டுக்கு வரும்போது நாக்கைத் தொங்கப்போட்ட அந்த முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே போனார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கார்டைக் காட்டினார்கள். சிலர் தூ தூ தூ என்று மூன்று முறை துப்புகிற பாவனை செய்தார்கள். எண்ணைப் படித்துவிட்ட பி லைன்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார்கள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டு இன்னும் அங்கேயே இருந்த மாரிசெல்வி தலையிலிருந்து ஒரு கண்ணி மல்லிகையைப் பிய்த்துப் பொம்மையின் தோளில் வைத்தாள். கேமராவில் இதைப் பார்த்த நயினார், ‘கலைப்படைப்போடு தொழிலாளர்களின் ஈடுபாடு சிறப்பு’ என்று தலைமையகத்துக்கு எழுதினார்.

வரவேற்பறைப் பெண் அமலாதான் முதலில் கவனித்தாள். உச்சி வேளையில், ஆளே இல்லாதபோது, மெஷின் கீக் என்று சத்தம் போட்டது. ஏசிக் காற்றில் பொம்மை ஆடி, அதன் நெஞ்சு மெஷினில் உரசியது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது: 4417, சுபாஷ் தா., ஆல்ரெடி இன். ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவள் புல்தரைக்கு ஓடிவந்து தாண்டவராயனிடம் சொன்னாள்.

அவர் ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி உரசியது. தன் மகனின் பெயர் பச்சை வெளிச்சத்தில் ஓடி மறைவதை அவர் பார்த்தார். அழவில்லை. அடுத்தது வரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். வெளியே புல்தரையில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது, அதற்காக ஒரு மெமோ வாங்கினார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டதும் சுந்தராம்பாள் ஒத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையில் கார்டு இருந்தது. அதில் அவன் போட்டோ இருக்கிறது. பார்க்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள்.

ரெண்டரை மணி என்பது கடிதத்தில்தான் இருந்தது, மெஷினில் யாரும் அதை ஏற்றவில்லை; ஒன்றரை வருடமாக அசையாமல் கிடந்த எண், கார்டு பட்டதும் விழித்துக்கொண்டது. உள்ளே ஒரு ஆள் இருந்தால் கேண்டீனுக்கு ஒரு சாப்பாடு போகும். மதியம் ஒரு தட்டு கூடியது. யாரும் எடுக்காத தட்டு வீணடிப்பில் சேரும், வீணடிப்புக்கு மெமோ உண்டு. எனவே கேண்டீன்காரர் எண்ணுக்குரியவர் எங்கே என்று விசாரித்து, சாம்பார் சாதமும் அப்பளமும் வைத்த தட்டை வரவேற்பறைக்கே கொண்டுவந்து பொம்மையின் காலடியில் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் பாயசமும் வந்தது. கம்பெனி தன்னையறியாமல் படையல் போட்டுக்கொண்டிருந்தது. அமலா அந்தத் தட்டை எடுத்துப்போய் மதில்மேல் காக்கைக்கு வைப்பாள். காக்கை தவறாமல் வந்தது.

ஏப்ரலில் வருடாந்திரப் பரிசுக்கான பட்டியலைக் கம்ப்யூட்டர் தயாரித்தது. வருகைப் பதிவில் முதலிடம் 4417. ஒருநாள்கூட லீவு இல்லை, ஒரு நிமிடம்கூட வெளியேறவில்லை. நயினார் குழுவைக் கூட்டினார். இறந்தவருக்குப் பரிசு தரலாமா என்று சுப்பிரமணி மெதுவாகக் கேட்டார். பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்றால், உள்ளே இருப்பவரை நீக்க மெஷின் விடாது. மெஷின் தப்பு என்று எழுதலாம் என்றால், இரண்டாயிரத்து முந்நூறு பேரின் வருகையும் தப்பாகிவிடும். உலகத்தரச் சான்றிதழ் போய்விடும். இரண்டு மணி நேர ஆலோசனைக்குப் பிறகு நயினார் முடிவைச் சொன்னார்.

“அவர் இறந்தது வளாகத்துக்கு வெளியே. அது நமக்குத் தெரியாதுன்னு நாமளே லெட்டர் குடுத்திருக்கோம். தெரியாத விஷயத்தை வெச்சு முடிவெடுக்க முடியாது. வளாகத்துக்கு உள்ளே அவர் இருக்கார். அது தெரிஞ்ச விஷயம்.”

மே தினம் விடுமுறை என்பதால் அதற்கு முந்திய நாள் சாயங்காலம் விழா வைத்தார்கள். பந்தலில் மூன்று ஷிப்டு ஆட்களும் நின்றார்கள். சுந்தராம்பாளை முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நயினார் பேசினார்: “சில பேருக்கு ஆறு மணி ஆனா வீட்டு ஞாபகம் வந்துடுது. இந்தத் தம்பியைப் பாருங்க. வீடுன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பாரா? தண்ணி குடிக்கக்கூட லைனை விட்டுப் போனதா பதிவு இல்ல. நமக்கு வேண்டியது இப்படிப்பட்ட தொழிலாளிதான்.” பந்தலில் யாரும் கைதட்டவில்லை.

மகன் சார்பில் வாங்கிக்கொள்ளத் தாண்டவராயனை மேடைக்கு அழைத்தார்கள். சான்றிதழில் தங்க எழுத்தில் ‘வாழ்த்துகள்’ என்று பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. எனக்குக் கண் சரியாகத் தெரியாது, அந்தச் சின்ன எழுத்தை நீங்களே மைக்கில் படித்துக் காட்டுங்கள் என்று அவர் நயினாரைக் கேட்டுக்கொண்டார்.

நயினார் படித்தார். “பணியாளர் எண் 4417, 2010 ஜூன் 14 காலை 5.52 மணிக்கு நுழைந்து, இந்நாள் வரை 686 நாட்கள் இடைவிடாது பணியில் இருந்துள்ளார் என்று நிர்வாகம் சான்றளிக்கிறது.”

“அப்போ அன்னிக்கு ரெண்டரைக்கு அவன் வெளியே போவல?” என்றார் தாண்டவராயன்.

நயினார் சிரித்தார். “ரெண்டரைக்கா? போகவே இல்லைய்யா. மெஷின் பொய் சொல்லாது.”

“பத்து மணிக்கும் உள்ளதான் இருந்தான்?”

“உள்ளேதான் இருந்தார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நயினாரின் சிரிப்பு கொஞ்சம் நின்றது. பந்தலின் பின்வரிசையில் மாரிசெல்வி தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். பி லைன் மொத்தமும் தட்டியது. பிறகு எல்லா லைனும் தட்டியது, நிறுத்தச் சொல்லி சுப்பிரமணி மைக்கில் கெஞ்சும் வரை. சுந்தராம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தாண்டவராயன் சான்றிதழைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வரவேற்பறைக்குப் போனார். செடி வெட்டும் கத்தரியால் பாக்கெட் தையலைப் பிரித்தார். கார்டை எடுத்தார். அதிலிருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர்ப்பக்கம் வெளியேறும் மெஷினுக்குப் போய் அதைக் காட்டினார். கீக் என்றது. 4417, சுபாஷ் தா., அவுட், 17.48. அமலா எழுந்து நின்றாள்.

“முடிஞ்சுதுடா கண்ணு. வா, வூட்டுக்குப் போவலாம்,” என்று சொல்லி, பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டார். கம்பெனிச் சொத்தை வெளியே கொண்டுபோக மூன்று கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். கேட் செக்யூரிட்டி மாசானம் அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார், பொம்மையின் எண்ணைப் பார்த்தார், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.

வேலை முடிந்தால் திருஷ்டிப் பொம்மையைக் கொளுத்திவிட வேண்டும் என்பது வழக்கம். முச்சந்தியில் வைத்துக் கொளுத்தினார்கள். சட்டையை மட்டும் கழற்றித் துவைத்து மடித்து வைத்துக்கொண்டாள் சுந்தராம்பாள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பொம்மை தொங்கிய இடத்துக்கு நேர் கீழே வாசல் சுவரில் மாட்டினார்கள். ‘வாழ்த்துகள்’ என்ற தங்க எழுத்தின்மேல் அவள் சாணியைப் பூசிவிட்டதால், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது சின்ன எழுத்துதான். பந்தியில் பேசியவர்கள் ஒவ்வொருவராக ஏதோ சாக்கில் வந்து படித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மட்டும் படித்த பிறகு வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பொங்கலுக்கும் போட்டி நடந்தது. தாண்டவராயனை மே மாதமே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பெயரை நீக்கினால் நூறு சதவீதம் குறையும் என்பதால் வேன் பென்னலூருக்கும் வந்தது. நயினார் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“திற,” என்றார் சுப்பிரமணி.

நயினார் திறக்கவில்லை. மூன்று விநாடி போனது. முப்பது விநாடி போனது. சுப்பிரமணி மறுபடி சொன்னார். மரகதம் அம்மையார் எப்போதோ வேனுக்குள் போய் ஏறிவிட்டார்.

“நிக்கட்டும், வுடுங்க,” என்றாள் சுந்தராம்பாள். “நாங்க ரெண்டு வருசம் அந்தாளு வாசல்ல நின்னோம்.”

கண்ணைத் திறக்காமலே நயினார் சுப்பிரமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வேன்வரை நடந்தார். அந்த வீட்டுக்கான மார்க் தாளில் ‘கண்ணில் எதுவும் படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேல் மூலையில் மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.